கடைசிப் பந்தி

மாசிலாமணி பிஸ்கட்டை உடைத்து ஒரு துண்டைத் தங்கச்சியின் உள்ளங்கையில் வைத்தார். வலது கை மேலே, இடது கை கீழே, கோயிலில் அப்பம் வாங்குகிற மாதிரியே ஜெயக்கொடி கையைக் குவித்து வைத்திருந்தாள். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆமென் சொல்லு என்றார், சொன்னாள். இப்போது வாயில் போடு என்றார், போடவில்லை. அண்ணன் கையைப் பார்த்தாள், அடுப்படியைப் பார்த்தாள், தெருவில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரரைப் பார்த்தாள். பிறகு, சொந்த உத்தியோகத்தை ஒருநாளும் மறக்காதவளாக, நிதானமாகக் கேட்டாள்.

"எல்லாருக்கும் வந்துருச்சா?"

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பேராயர் வருகிறார். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் விவரம் தெரிந்த வயதுக்கு வந்ததும் அவர் தலையில் கைவைத்து ஜெபித்துத் திடப்படுத்துவார். அன்று முதல் அந்தப் பிள்ளைகள் நற்கருணைப் பந்தியில் மண்டியிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கலாம். பதினைந்து பதினாறு வயதில் எல்லாருக்கும் நடந்துவிடுகிற காரியம்தான். ஜெயக்கொடிக்கு முப்பத்தாறு வயதில் நடக்கப்போகிறது. விவரம் தெரிகிற வயது அவளுக்கு வரவே வராது என்று டாக்டர் சொன்னார், சொந்தக்காரர்கள் சொன்னார்கள், பெற்றவர்களும் அதை நம்பியே கண்ணை மூடினார்கள். மிச்சம் இருந்தது அண்ணன் ஒருத்தர்தான்.

கவலைப்படுவதில் மாசிலாமணியை மிஞ்ச ஆள் கிடையாது. கப்பலூரில் டின் டப்பா செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர். சாயங்காலம் ஸ்டோரைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வருவார், மறுபடி நடந்துபோய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார், அதற்குள் சிம்மக்கல் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போது, வீட்டில் அடுப்பு எரிந்து தங்கச்சி சேலையில் பற்றியிருக்குமோ என்று ஆரம்பிப்பார். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டதற்கும் கவலைதான் காரணம். வருகிறவள் ஜெயக்கொடியை எப்படி வைத்துக்கொள்வாளோ என்று யோசித்து யோசித்தே நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டார்.

அவர் பயப்படக் காரணம் இல்லாமலும் இல்லை. கோயிலில் ஜெயக்கொடி இதற்கு முன்னால் வாய் திறந்தது ஒரே ஒரு தடவை. கமிட்டிச் செயலாளர் சாமிதாசின் மகள் கல்யாணத்தன்று அது நடந்தது. மணமக்களை முன்னால் நிறுத்தி, இவர்களை இணைப்பதில் யாருக்காவது தடை இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று அப்போதிருந்த போதகர் சபையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வழக்கம்போலக் கொஞ்சம் நிறுத்தினார். அந்த நேரத்தில் யாரும் இருமக்கூட மாட்டார்கள். ஜெயக்கொடி எழுந்து நின்று, தனக்கு ஒன்றுக்கு வருகிறது என்று கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். சொல்லலாம் என்றார்கள், சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள், பெண் வீட்டார் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சுதான். போய் உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. மாசிலாமணியே போய் உட்கார்ந்துகொண்டார்.

நற்கருணை கொடுக்கும் ஞாயிறுகளில் அவளைப் பெஞ்சில் விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போய் வாங்கி, வாயில் அப்பம் கரைவதற்குள் திரும்பி வருவார். வரும்போதெல்லாம் அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டில் ஒரு வாழைப்பழம் வாங்கினாலும் பாதி அவளுக்குக் கொடுத்துப் பழகிய மனுஷர். இதை மட்டும் அவளை வைத்துக்கொண்டு தனியாகத் தின்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருக்கும். அந்த வெட்கத்தோடுதான் இத்தனை வருஷம் விழுங்கினார்.

இதையெல்லாம் கிளறிவிட்டது ரூபவதி டீச்சரின் சனிக்கிழமை ஐக்கியக் கூட்டம். டீச்சர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயிலுக்குப் பின்னால், உடைந்த பெஞ்சுகளும் கிறிஸ்மஸ் குடிலில் வைக்கிற மாடும் ஆடும் போட்டுவைத்திருந்த ஹாலைக் கேட்டு வாங்கிக் கூட்டிப் பெருக்கினார். டவுனுக்குள் எந்தெந்த வீட்டிலோ, ஜெயக்கொடியைப் போல விவரம் வராமல், உள்ளறையில் உட்காரவைக்கப்பட்டிருந்தவர்களை, எந்தச் சாமி கும்பிடுகிறவர்கள் என்று பார்க்காமல், வீடு வீடாகப் போய் அழைத்து வந்தார். சனிக்கிழமை பகலில் பாட்டு, ஒரு கதை, பந்து விளையாட்டு, கடைசியில் பன்னும் டீயும். "பிள்ளைகளே" என்றுதான் டீச்சர் கூப்பிடுவார். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மீசை நரைத்திருந்தது.

அங்கே செல்லூரிலிருந்து காளை வருவான். தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் மாயக்காளின் ஒரே மகன். ஆறடி உயரம், பெரிய தோள், குழந்தை முகம். வந்த முதல் நாளே பன் கூடையைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகுதான் டீச்சர் அந்தச் சட்டத்தைப் போட்டார். பன்னை வாங்கினால் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், எல்லாருக்கும் கிடைத்த பிறகுதான் கடிக்க வேண்டும், குறைந்துபோனால் வைத்திருப்பவர் பாதி ஒடித்துக் கொடுக்க வேண்டும். எல்லாருக்கும் வந்துவிட்டதா என்று கேட்கிற பொறுப்பை ஜெயக்கொடியிடம் ஒப்படைத்தார். வாயால் கேட்டால் மட்டும் போதாது, ஒவ்வொரு கையாகக் கண்ணால் பார்க்கவும் வேண்டும். பிறந்ததிலிருந்து யாரும் ஜெயக்கொடியிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்ததில்லை. அவள் அதை உயிரைப் போலப் பிடித்துக்கொண்டாள். காளையும் கொஞ்ச நாளில் பழகிவிட்டான். எச்சில் ஊற ஊறப் பன்னைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் வாயைப் பார்த்து நிற்பான்.

டீச்சர் அத்தோடு விடவில்லை. ஜெயக்கொடியைத் திடப்படுத்த வேண்டும் என்று புதுப் போதகரிடம் கேட்டார். இளவயசுப் போதகர், கேட்டுப் பார்க்கலாம் என்று அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். பத்துக் கட்டளைகளைச் சொல்லச் சொன்னார், அவள் சிரித்தாள். விசுவாசப் பிரமாணத்தைக் கேட்டார், ஜன்னலில் ஓடிய அணிலைக் காட்டினாள். மாசிலாமணி நாற்காலி நுனியில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். கடைசியாகப் போதகர், நற்கருணை என்றால் என்னம்மா என்று கேட்டார்.

"எல்லாரும் திங்கிறது" என்றாள். கொஞ்சம் யோசித்து, "நான் மட்டும் திங்காதது" என்றாள்.

போதும், திடப்படுத்தலாம் என்றார் போதகர். கமிட்டியில் சாமிதாஸ் எழுந்து எதிர்த்தார். பழைய கல்யாணத்தை அவர் பேச்சில் எடுக்கவில்லை, எடுக்காததே எல்லாருக்கும் புரிந்தது. வேதத்தில் எச்சரித்திருப்பதைத்தான் சொன்னார். இன்னதென்று அறியாமல் அதை வாங்குகிறவன் தன் தலைக்குத் தானே தண்டனையை வாங்குகிறான் என்றார். அதோடு, ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஏறுமாறாக நடந்தால் டீச்சரின் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அந்த ஹால் இனிமேல் கிடையாது என்றும் தீர்மானமாகச் சொன்னார். போதகர் தலையாட்ட வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து மாசிலாமணி பாதித் தட்டோடு எழுந்துவிடுவார். தங்கச்சி தப்பாக நடந்தால் டீச்சர் சேர்த்த அத்தனை பேரும் பழையபடி உள்ளறைக்குப் போவார்கள். அது ஒரு பயம். சாமிதாஸ் சொன்னது மெய்யாக இருந்தால், அறியாதவள் கையில் அதைக் கொடுக்கவைத்து அவளைத் தண்டனைக்கு ஆளாக்குவது அண்ணன்தானே. அது இன்னொரு பயம். எந்தப் பயம் பெரியது என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஸ்டோரில் நட்டு கேட்டவனுக்கு ஆணியை எடுத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பிஸ்கட்டை வைத்துப் பழக்கியபோதுதான் அவருக்கு ஒரு வழி கிடைத்தது. எத்தனை தடவை வாயில் போடச் சொல்லியும் அவள் கேட்கவில்லை. அலுத்துப்போய், "எல்லாருக்கும் வந்துருச்சு" என்றார். "மெய்யா?" என்றாள். "மெய்தான்" என்றார். தின்றுவிட்டாள். அட, இவ்வளவுதானா என்றிருந்தது. ஆனால் ஒரு சிக்கல். புதிதாகத் திடப்படுகிறவர்களை முதல் பந்தியில் வைப்பது வழக்கம். முதல் பந்தியில் வாங்கினால் சபை மொத்தமும் வெறுங்கையோடு பின்னால் இருக்கும். திரும்பிப் பார்த்தால் போச்சு. உடனே சட்டையை மாட்டிக்கொண்டு போதகரிடம் ஓடினார். கூச்சமாக இருக்கிறது, எங்களைக் கடைசிப் பந்தியில் வையுங்கள் என்றார். போதகருக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. கடைசிப் பந்தி வரும்போது முக்கால்வாசிப் பேர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள் என்று அவரே சொன்னார்.

வாங்க வேண்டியவர்கள் எல்லாரும் அதற்குள் வாங்கியிருப்பார்கள். எல்லாருக்கும் வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய்கூட இல்லை. மாசிலாமணி வெகு நாளைக்கப்புறம் இரண்டாந்தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை தங்கச்சியைக் கூட்டிவர ஹாலுக்குப் போனபோது பன் கொடுத்து முடித்திருந்தார்கள். ஜெயக்கொடி காளையின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கிக் கோயிலுக்கு வா. எனக்குத் தாராக" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "பன்னா?" என்றான் காளை. "இல்ல. சின்னது" என்றாள். வாரேன் என்றான். அவன் அம்மா மாயக்காளும் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். காளை வந்தால் வாங்காத கை ஒன்று கோயிலுக்குள் இருக்கும் என்று மாசிலாமணிக்கு உடனே உறைத்தது.

வீட்டுக்கு வந்து உட்கார முடியவில்லை. சாயங்காலம் கல்பாலத்தில் வைகையைக் கடந்து செல்லூருக்கு நடந்தார். வர வேண்டாம் என்று பக்குவமாக எப்படிச் சொல்வது என்று பாலம் முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். கோயில் விதிமுறை என்று சொல்லலாம். கூட்டமாக இருக்கும் என்று சொல்லலாம். பேராயர் மேல் பழியைப் போடலாம். சந்துக்குள் தறிச் சத்தம் காதை அடைத்தது. மாயக்காள் வீட்டு வாசலில் கட்டிய கயிற்றில் ஒரு வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. நீலம் போட்டு அலசிய சட்டை. உள்ளே காளைக்கு எண்ணெய் தேய்த்துத் தலை வாரி, நாளைக்குக் காலையில் கலைந்துவிடக் கூடாது என்று துண்டால் கட்டிவிட்டிருந்தாள்.

"வாங்க தம்பி" என்று நூல் ராட்டையைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள். "இவனப் பெத்து முப்பது வருசமாச்சு. ஒரு நல்லது பொல்லாததுக்கு இவன இட்டுக்கிட்டு வான்னு ஒருத்தரு சொன்னதில்ல. ஒங்க தங்கச்சிதான் மொதல்ல கூப்புட்டுருக்கு."

மாசிலாமணி தண்ணீர் வாங்கிக் குடித்தார். எங்கே உட்காருவது என்று அவள் கேட்டாள். கடைசி பெஞ்சில் உட்காரலாம் என்றார். அங்கிருந்து நன்றாகத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றார், அவருக்குத் தெரியாதா. கடைசியில், முன்னால் கொடுக்கிறது ஞானஸ்நானம் வாங்கினவங்களுக்கு மட்டும்தான் என்பதை மென்று மென்று சொன்னார்.

"எங்களுக்கு இல்லேன்னு தெரியும் தம்பி" என்றாள் மாயக்காள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் சட்டை காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பியிருந்தது. பேராயர் முன்னால் பிள்ளைகள் வரிசையாக மண்டியிட்டார்கள், பெண் பிள்ளைகள் வெள்ளைத் தாவணியில். நடுவில் ஜெயக்கொடி வெள்ளைச் சேலையில், காதோரம் இரண்டு நரைமுடியோடு. பேராயரின் கை தலையில் இறங்கியபோது மாசிலாமணி கண்ணை இறுக மூடிக்கொண்டார். சிரித்துவிடுவாள், இல்லாவிட்டால் மோதிரத்தைப் பிடித்துப் பார்ப்பாள். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் எழுந்து அண்ணனைத் தேடி நடந்து வந்துகொண்டிருந்தாள், நெற்றிக்கு மேல் அந்தக் கை இன்னும் இருப்பதுபோலத் தலையை ஆட்டாமல். முதல் பெஞ்சில் சாமிதாசின் பிடரி அசையவில்லை.

பந்தி ஆரம்பித்தது. ஒரு வரிசை போய் மண்டியிட்டு, வாங்கி, எழுந்து, அடுத்த வரிசை போனது. மாசிலாமணி திரும்பி ஒருதரம் பார்த்தார். கடைசி பெஞ்சில் அண்ணனும் தங்கச்சியும் வழக்கமாக உட்காரும் இடத்தில் மாயக்காள் கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நீலம் போட்ட சட்டையில் காளை. உட்கார்ந்திருக்கும்வரை பாதகமில்லை, முன்னால் இருக்கிறவர்கள் மறைத்துக்கொள்வார்கள். உட்கார்ந்தே இருக்கட்டும் ஆண்டவரே என்று வேண்டிக்கொண்டார். அன்று அவர் செய்த ஒரே ஜெபம் அதுதான். கை வியர்த்து வியர்த்து வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடைசிப் பந்தி வந்தது. நாலைந்து கிழவர்களும் இவர்களும்தான். கம்பித் தடுப்பின் முன்னால் தங்கச்சி மண்டியிட்டாள், அண்ணன் பக்கத்தில். பேராயர் தட்டோடு வந்தார். மெல்லிய வட்ட அப்பம் ஒன்று ஜெயக்கொடியின் கையில் விழுந்தது. ஆமென் என்றாள், சத்தமாக, சுத்தமாக. அடுத்தது அவர் கையில் விழுந்தது. பின்னாலேயே போதகர் ரசப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். மாசிலாமணி குனிந்து அவள் காதில், "எல்லாருக்கும் வந்துருச்சு. வாயில போடு" என்றார்.

கேட்பது அவளுடைய வேலை. அதை இன்னொருத்தர் செய்துவிட முடியாது. சனிக்கிழமை ஹாலில் கேட்கிற அதே குரலில் ஜெயக்கொடி கேட்டாள்.

"எல்லாருக்கும் வந்துருச்சா?"

கோயில் முழுக்கக் கேட்டது. ஆர்மோனியம் வாசித்தவர் ஒரு கட்டையிலேயே விரலை நிறுத்திவிட்டார். மூடியிருந்த கண்கள் எல்லாம் திறந்தன. வந்துருச்சு என்றார் மாசிலாமணி. மெய்யா என்றாள். மேஜைக்கு முன்னால், பேராயர் நிற்க, கையில் அதை வைத்துக்கொண்டு, மெய்தான் என்றார். அவள் தலையாட்டினாள். பிறகு, டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தபடி, கண்ணாலும் பார்ப்பதற்காகத் திரும்பினாள்.

காளை எழுந்து நின்றுகொண்டிருந்தான். அவள் குரல் கேட்டதும் எழுந்திருப்பான் போலிருக்கிறது. வலது கை மேலே, இடது கை கீழே, பந்தியில் எல்லாரும் செய்ததைப் போலவே ஏந்தியிருந்தான். மாயக்காள் அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தாள். அவன் உட்காரவில்லை, அவசரப்படவும் இல்லை. இதுவரைக்கும் எந்தச் சனிக்கிழமையும் தனக்கு வராமல் போனதில்லை என்று அவனுக்குத் தெரியும்.

"அண்ணே" என்றாள் ஜெயக்கொடி. "காளைக்கு வரல."

முதல் பெஞ்சில் சாமிதாஸ் பாதி எழுந்தார். மாசிலாமணி தங்கச்சியின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த கையை அப்படியே அவள் வாய்க்குக் கொண்டுபோனால் முடிந்தது. அவள் முரண்டு பிடிக்கிறவளும் இல்லை. ஹால் தப்பிக்கும், டீச்சர் தப்பிப்பார், அடுத்த சனிக்கிழமை பன் இருக்கும். காளை அதற்கு வராமல்கூட இருக்கலாம். அவள் கையை இழுக்கவில்லை. அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எத்தனையோ ஞாயிறு பார்த்ததுபோலவே. அந்தப் பார்வையை இவ்வளவு பக்கத்தில் அவர் பார்த்ததில்லை. அவர் விரல்கள் தளர்ந்தன.

ஜெயக்கொடி எழுந்தாள். கையை நெஞ்சுக்கு நேராக ஏந்திக்கொண்டு, தளும்புகிற ஒன்றைக் கொண்டுபோகிறவள் மாதிரி நடுவழியில் நடந்தாள். மாசிலாமணியும் எழுந்து பின்னால் போனார். அவளைத் தடுக்கப் போகிறோமா, துணைக்குப் போகிறோமா என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டு பக்கமும் முகங்கள் திரும்பிக்கொண்டே வந்தன. ரூபவதி டீச்சர் தூணோரமாக வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

கடைசி பெஞ்சில் வந்து நின்று அவள் அப்பத்தை ஒடித்தாள். சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. பாதியைக் காளையின் கையில் வைத்தாள். அவன் தின்னவில்லை. அவளும் தின்னவில்லை. இருவரும் கையை விரித்தபடி மாயக்காளைப் பார்த்தார்கள். மாயக்காள் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, எனக்கு வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தாள். அவள் கண் மாசிலாமணியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணே" என்றான் காளை, அக்கறையாக. "ஒங்களுக்கு வந்துருச்சா?"

அப்போதுதான் மாசிலாமணிக்குத் தன் வலது கை இன்னும் மூடியிருப்பது தெரிந்தது. திறந்தார். தங்கச்சியையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவர் அதை வாயில் போடவே மறந்திருந்தார். வியர்வையில் ஊறி, ஓரம் மடங்கி, உள்ளங்கை ரேகையோடு ஒட்டிக்கொண்டு அது முழுசாக இருந்தது. ஜெயக்கொடி அதைப் பார்த்தாள். மாயக்காளின் முந்தானையைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

முன்னால் பேராயர் தட்டோடு ஒரு படி இறங்கி நின்றிருந்தார். அவர் முகத்தில் என்ன இருக்கிறது என்று அங்கிருந்து தெரியவில்லை. சாமிதாஸ் நடுவழியில் வந்துகொண்டிருக்கும் செருப்பில்லாத காலடி கேட்டது. மாசிலாமணி திரும்பவில்லை. பெருவிரல் நகத்தை அப்பத்தின் நடுவில் வைத்தார். ஈரமாக இருந்ததால் அது ஒடிகிற சத்தம் வரவில்லை. மாயக்காளின் கை முந்தானையிலிருந்து மெல்ல வெளியே வந்தது, விரல் நுனிகளில் சாயநூலின் நீலம் இருந்தது. இன்னும் ஒருத்தரும் வாயில் போடவில்லை.